சிவப்புக் குறி போட்ட பம்ப்

இரண்டாம் நம்பர் பம்ப் முனகத் தொடங்கி ஆறு நாளாகிவிட்டது.

பம்ப் ஹவுஸ் ஃபிட்டர் முழ நீள இரும்புக் கம்பியின் ஒரு முனையை அதன் பேரிங் கூட்டின்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதோரம் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். இருபத்தெட்டு வருஷமாக இப்படித்தான் நோய் பார்க்கிறார். அதனாலேயே அவருக்குக் காதுக்காரர் என்று பெயர் விழுந்து, சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர் அவருக்கே அந்நியமாகிவிட்டது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது மாதிரிதான். ஒரே வித்தியாசம், டாக்டர் கையைக் கழுவிவிட்டுத் தொடுவார், இவர் தொட்டுவிட்டுக் கழுவுவார்.

"என்னண்ணே சொல்லுது?" என்றான் ஆபரேட்டர் நெட்டையன், சுவிட்ச் போர்டில் சாய்ந்தபடி.

"பத்து நாள்ங்குது. கிரீஸை அப்பித் தாஜா பண்ணினா பன்னிரண்டு."

"அப்புறம்?"

"அப்புறம் உன் உயரம் உதவும். தண்ணிக்கு மேல தலை தெரியும்ல."

விளையாட்டுப் பேச்சுதான், ஆனால் விஷயம் விளையாட்டில்லை. பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தெருவில் நானூறு வீடு. ஆற்றங்கரையைவிட ஆளுயரம் தாழ்வு. அங்கே பெய்கிற மழை தானாக எங்கும் போகாது. சாக்கடை வழியாக வந்து பம்ப் ஹவுஸ் கிணற்றில் விழும், மூன்று பம்ப் அதைக் கரைக்கு மேலே தூக்கி ஆற்றில் கொட்டும். தூறலுக்கு ஒன்று போதும், மழைக்கு இரண்டு. ஊற்றித் தள்ளினால் மூன்றும் ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் பள்ளத்தெருவில் கட்டிலுக்கு மேல் தண்ணீர். காதுக்காரரின் வீடும் அங்கேதான், மூன்றாவது வரிசையில்.

புது பேரிங் கேட்டு எழுதிய மனு முந்தின நாள்தான் திரும்பி வந்திருந்தது. மேலே ஒரு துண்டுச் சீட்டு: சமநிலைச் சட்டப்படி கொள்முதல் நிறுத்தம். புது நிதியாண்டு பிறந்ததும் மீண்டும் விண்ணப்பிக்கவும்.

புது நிதியாண்டு பிறக்க இருபத்து மூன்று நாள் இருந்தது. பேரிங்குக்குப் பத்து நாள்.

அந்தச் சட்டம் நாலு வருஷத்துக்கு முன் ஊரே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தது. நகராட்சியின் வரவும் செலவும் வருஷக் கடைசியில் ஒரு காசு இப்படி அப்படி இல்லாமல் சரியாக நிற்க வேண்டும். கடன் வாங்கக் கூடாது. வரவு குறைந்தால் அன்றைக்கே செலவை வெட்ட வேண்டும். இந்த வருஷம் நூற்பாலை நாலு மாதம் மூடிக் கிடந்ததில் வரி விழுந்துவிட்டது. உடனே எல்லா இலாகாவுக்கும் கையைக் கட்டிவிட்டார்கள்.

மனு திரும்பி வந்ததற்கு வேறொரு ஃபிட்டராக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். காதுக்காரர் சீட்டைக் கசக்கிக் கிரீஸ் துடைத்தார். அவருக்கு ஒரு ரகசியம் இருந்தது.

பம்ப் ஹவுஸின் பின்பக்கக் கொட்டகையில், துருப்பிடித்த குழாய்களுக்கும் உடைந்த வால்வுகளுக்கும் நடுவே, சாக்கு போர்த்தி ஒரு பம்ப் படுத்திருந்தது. நெற்றியில் சிவப்புப் பெயின்டில் பெரிய பெருக்கல் குறி, அதற்குக் கீழே 41 என்று நம்பர். இருப்புப் புத்தகத்தில் அவர் கையெழுத்திலேயே: எண் 41, கழிவு. உண்மையில் அது கழிவே இல்லை. மூன்று பழைய பம்ப்களிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி, ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்னக் கொடுத்து, இரண்டு வருஷத்தில் அவர் பொருத்தி எடுத்த நல்ல பம்ப். ஒரு விரலால் தொட்டால் சுற்றும்.

அதற்கு ஏன் கழிவு என்று பெயர் வைத்தார் என்றால், அதுவும் அந்தச் சட்டத்தால்தான். சட்டம் வந்த முதல் வருஷமே, கணக்கு இடிக்கிறது என்று, "நல்ல நிலையில் உள்ளது, உபயோகத்தில் இல்லை" என்று எழுதியிருந்த சாமான்களையெல்லாம் உபரி என்று விற்றுவிட்டார்கள். அவர் பிள்ளை மாதிரி எண்ணெய் தடவி வைத்திருந்த மோட்டார் ஒன்று அப்படித்தான் போயிற்று. அன்றைக்கு அவர் ஒரு பாடம் படித்தார். நல்லதை நல்லது என்று எழுதினால் விற்பார்கள். உடைந்தது என்று எழுதினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கழிவு இரும்பு அந்தக் கொட்டகையில் பதினைந்து வருஷமாகக் கிடக்கிறது, ஒருவரும் கேட்டதில்லை.

"பேரிங் கத்தட்டும்," என்றார் நெட்டையனிடம். "வர்ற திங்கக்கிழமை நாப்பத்தொண்ணைத் தூக்கி உட்கார வைப்போம். கேட்டா, கழிவுல இருந்து செஞ்சேன், ஒரு காசு செலவில்லைன்னு சொல்லிக்கலாம். மாலை போட்டாலும் போடுவாங்க."

அன்று சாயங்காலம் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். மனைவியின் தம்பி. நகர மன்ற உறுப்பினன். சமநிலைச் சட்டத்துக்காகத் தெருத்தெருவாக மைக் பிடித்தவன். அக்காள் கையால் சாப்பிட்டு மூன்று வாரமாயிற்று என்று சொல்லிக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்தான்.

"வா மாப்ளே," என்றார் காதுக்காரர். "ஊருக்கே வாயைக் கட்டிட்ட, உன் வாயை மட்டும் இங்க திறக்க வந்திருக்க."

"அக்கா, பார்த்தியா மாமா பேச்சை. ஒரு வாய் உள்ள போகலை, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டார்."

"ஒரு பேரிங் கேட்டா சீட்டு அனுப்புறாங்க. மழைக்கு உங்க நிதியாண்டு தெரியுமா? கெஜட் பார்த்துட்டா பெய்யும்? வீட்டுல ஒருத்தருக்குக் காய்ச்சல்னா, இந்த மாசச் சம்பளம் தீர்ந்துபோச்சு, ஒண்ணாந்தேதி வரைக்கும் பொறுத்துக்கோன்னா சொல்லுவ?"

பதில் மைத்துனனிடமிருந்து வரவில்லை. மனைவி கரண்டியோடு திரும்பினாள். நகராட்சி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறவள். இருபது வருஷச் சுடுதண்ணீரிலும் சோடாவிலும் விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போனவள். அந்தச் சட்டத்துக்கு அவர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார். அவள் வேண்டும் என்று போட்டாள். ஒரே வாக்குச் சாவடிக்கு ஒரே சைக்கிளில் போய்த்தான்.

"முந்தின மன்றத்துல காய்ச்சலுக்குக் கடன் வாங்கினவங்க யாரு?" என்றாள். "காய்ச்சல்னு எழுதிக்கிட்டு நீச்சல் குளம் கட்டினவங்கதானே அவங்க? இன்னிக்கு வரைக்கும் அதுல நீந்தினது தவளை மட்டும்தான். அதுக்கு வட்டி கட்டணும்னு எங்களுக்கு ஏழு மாசம் சம்பளம் போடலை. ரத்தமும் சீழுமா வர்ற துணியை ஏழு மாசம் ஓசியில வெளுத்தேன். சட்டம் வந்தப்புறம் ஒரு மாசம் தவறியிருக்கா சொல்லுங்க."

"தவறலைதான்."

"அப்ப சாப்பிடுங்க."

மைத்துனன் சிரித்துக்கொண்டான். மாமாவின் மூக்கு அறுபட்டதில் அவனுக்குப் பசி இன்னும் கூடிவிட்டது போலிருந்தது.

"கவலைப்படாதீங்க மாமா," என்றான். "இந்த வருஷமும் கணக்கு நேராயிடுச்சு. கொஞ்சம் இடிச்சுது. என்ன பண்றதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தோம். நான்தான் ஒரு யோசனை சொன்னேன். நம்ம கிடங்குல எல்லாம் வருஷக்கணக்கா கழிவு இரும்பு கிடக்குதே, ஒரு துண்டு விடாம வித்துடலாம்னு. ஏலம் முடிஞ்சு பணமும் கட்டியாச்சு. நாளைக்குக் காலையில முதல் லாரி உங்க பம்ப் ஹவுஸுக்குத்தான் வருது."

காதுக்காரருக்குப் புரையேறியது. கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் இருமினார். மைத்துனன் எழுந்து வந்து அவர் தலையில் தட்டினான்.

"மெதுவா சாப்பிடுங்க மாமா. யாரோ நினைக்கிறாங்க."

அவன் கிளம்பிப் போகும் வரை அவர் வாயைத் திறக்கவில்லை. தட்டு கழுவுகிற இடத்தில் மனைவிக்குப் பின்னால் போய் நின்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். நாற்பத்தொன்று, சிவப்புக் குறி, ஞாயிற்றுக்கிழமைகள், பத்து நாள் பேரிங். அவள் தட்டைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஞாயித்துக்கிழமையெல்லாம் சீட்டாடப் போறீங்கன்னு நினைச்சேன்."

"சீட்டாட்டமா இருந்தா இவ்வளவு நஷ்டம் வந்திருக்காது."

"தம்பிகிட்ட இப்பவே சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்ல? மூணு வருஷமா இருப்புப் புத்தகத்துல பொய் எழுதிக்கிட்டு இருக்கேன்னா? பொய்க் கணக்குக்கு வேலையை விட்டுத் தூக்குவாங்கடி. ஓய்வுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. எல்லாம் அவன் சட்டத்தால வந்தது."

அவள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"குளம் கட்டினவங்க இல்லாத பணத்தை இருக்குன்னு எழுதினாங்க. நீங்க இருக்கிற பொருளை இல்லைன்னு எழுதினீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. சட்டத்தைத் திட்டுறதுன்னா திட்டுங்க, ஆனா உங்க பங்கைக் கழிச்சுட்டுத் திட்டுங்க."

இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படி ஆணியடித்த இடங்கள் நிறைய உண்டு, ஒன்றையும் அவர் பிடுங்கியதில்லை.

காலையில் வேலை நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே சைக்கிளை மிதித்தார். லாரி வந்து சேர்வதற்குள் நாற்பத்தொன்றை எங்காவது உருட்டி மறைத்துவிடலாம் என்று எண்ணம். லாரி அவருக்கும் முன்னால் வந்து நின்றிருந்தது. கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. சாக்கை உருவி ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். சங்கிலியில் கட்டி, தொங்கு தராசில் மாட்டி, நாற்பத்தொன்று அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

பழைய இரும்பு வியாபாரம் செய்கிற அம்மாள் அதன் பக்கத்தில் நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, காதில் பென்சில். வெளியே நீட்டிக்கொண்டிருந்த தண்டை ஒற்றை விரலால் தட்டினாள். அது சத்தமில்லாமல் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏண்ணே, உங்க ஊர்ல செத்ததெல்லாம் இப்படித்தான் எழுந்து ஆடுமா?"

"அம்மா, அதை இறக்கிடுங்க. அது தப்பா சேர்ந்துபோச்சு. எடைக்கு எடை வேற இரும்பு தர்றேன். ரெண்டு பங்கா வேணாலும் தர்றேன்."

"லிஸ்ட்ல நாப்பத்தொண்ணு இருக்கே." காதிலிருந்து பென்சிலை எடுத்துக் காகிதத்தில் தட்டினாள். "சாமான் மேலயும் நாப்பத்தொண்ணு இருக்கு. நம்பர் போட்டது நீங்கதானே? கையெழுத்து அழகா இருக்குண்ணே."

பெயின்ட் வழியாமல் இருக்க ஓலைத்துண்டு வைத்து நிதானமாகப் போட்ட நம்பர் அது. அப்படி அழகாகப் போட்டதற்குத் தன் கையையே ஒடிக்கலாம் போலிருந்தது அவருக்கு.

அவள் கிட்டே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"இதோ பாருங்கண்ணே. எனக்கு எல்லாம் தெரியுது. நீங்க இந்த எடைச் சீட்டுல கையெழுத்துப் போடுங்க, நான் எடுத்துக்கிட்டுப் போயிடறேன். கல்குவாரிக்காரன் ஒருத்தன் இந்த மாதிரி பம்புக்குத் தவம் கிடக்கிறான். வர்றதுல உங்களுக்குப் பாதி. உங்களுக்கும் வம்பில்லை, எனக்கும் வம்பில்லை. கணக்கும் நேரா நிக்கும்."

அது உண்மைதான். கையெழுத்துப் போட்டால் எல்லாம் நேராகிவிடும். புத்தகத்தில் கழிவு, விற்றதும் கழிவு. பொய் லாரியேறிப் போய்விடும், கேட்க ஆளில்லை. நகராட்சிக்குப் பணம், மைத்துனனுக்குப் பேர், அவருக்கு வேலை. பேரிங் பத்து நாள் தாங்கும், அப்புறம் ஒரு பதின்மூன்று நாள் மழை வராமல் இருந்தால் போதும்.

அவர் வானத்தைப் பார்த்தார். ஆற்றுப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம் கட்டியிருந்தது. மழை மேகமா, நூற்பாலைப் புகையா என்று சொல்ல முடியவில்லை. உள்ளே இரண்டாம் நம்பர் முனகுவது இங்கே வரைக்கும் கேட்டது.

எடைச் சீட்டை வாங்கினார். அவளுடைய பென்சிலையும் வாங்கினார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விட்டுவிட்டுச் சீட்டைத் திருப்பி, லாரியின் முகப்பில் வைத்து எழுதினார்: எண் 41 கழிவு அல்ல. நல்ல பம்ப். கழிவு என்று புத்தகத்தில் எழுதியவன் நானே. தெரிந்தேதான் எழுதினேன். கீழே கையெழுத்து, அதற்குக் கீழே தேதி.

எழுதி முடித்ததும் வயிற்றில் மூன்று வருஷமாகக் கிடந்த கல் ஒன்று இடம்பெயர்ந்தது போல இருந்தது.

"பைத்தியக்காரரா நீங்க?" என்றாள் அவள், மரியாதையாகத்தான்.

"நெட்டையா," என்று கூப்பிட்டார். "ஆபீஸுக்குப் போன் போடு. கணக்கு அதிகாரியை வரச் சொல்லு. என் மச்சினனையும்."

ஒன்பது மணிக்குள் இருவரும் வந்துவிட்டார்கள். கணக்கு அதிகாரி ஒல்லியான பெண்மணி. கக்கத்தில் கோப்பு, வாயில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. சீட்டின் பின்புறத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஏன் இப்படி எழுதினீங்க?"

"நல்லதுன்னு எழுதினா வித்துடறீங்க மேடம்."

"உண்மையில என்ன இருக்குன்னு தெரியாம நான் எப்படிக் கணக்கை நேராக்க முடியும்?"

"உண்மையைச் சொன்னா அது இல்லாமப் போயிடுதே மேடம். நான் என்ன பண்ணட்டும்?"

அதிகாரி கோப்பைத் திறந்தார். மைத்துனன் முகம் வெளிறி மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து ராத்திரி தட்டு முன்னாடி உட்கார்ந்திருந்தீங்களே மாமா. ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"புரையேறிச்சே, பார்க்கலையா?"

"விற்பனையை நிறுத்தலாம்," என்றார் அதிகாரி. "எடை போட்டுக் கையெழுத்தாகாத வரைக்கும் சாமான் நம்மோடது. ஆனா இந்த அம்மாவுக்கு நாப்பத்தொண்ணுக்குக் கட்டின பணத்தைத் திருப்பணும். வரவுல அவ்வளவு குறையும். சட்டப்படி அதே அளவு செலவை இன்னிக்கே குறைக்கணும். எதைன்னு ஒரு மன்ற உறுப்பினர் எழுதிக் கொடுக்கணும்." மைத்துனனிடம் ஒரு தாளை நீட்டினார். "இன்னும் செலவாகாம இருக்கிறது இவ்வளவுதான்."

மைத்துனன் வாங்கி உரக்கப் படித்தான். ஆஸ்பத்திரித் துணிக்கு சோடாவும் சோப்பும். பள்ளிக்கூடப் பெஞ்சுக்கு ஆணி, பலகை. தெருவிளக்குக்கு பல்பு. நாலாவது வரிக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"நாலாவது என்ன மாப்ளே? காதுல விழலை," என்றார் காதுக்காரர். அவர் காதில் விழாமல் போகிற சத்தம் ஊரிலேயே கிடையாது.

"பஸ் நிலையத் திறப்பு விழா. பந்தல். அப்புறம் கல்வெட்டு."

"யார் பேர் போட்ட கல்வெட்டு?"

"மாமா, உங்க மேல விசாரணை வரப்போகுது. இப்பப் போயி..."

"கல் வந்துடுச்சு," என்றார் அதிகாரி, குறிப்பறியாமல். "எழுத்து இன்னும் வெட்டலை. எழுத்துக்கும் பந்தலுக்கும் சேர்த்தா தொகை சரியா இருக்கும்."

இரும்பு அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மைத்துனன் அந்தத் தாளை மறுபடி மேலிருந்து படித்தான். சோப்பில் கொஞ்சம் நின்றான். அந்தச் சோப்பு யார் கைக்குப் போகிறது என்று அவனுக்குத் தெரியும். பிறகு பேனாவை எடுத்து நாலாவது வரியை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். கொஞ்சம் அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது.

"என் லாரி வாடகை?" என்றாள் இரும்பு அம்மாள். "அதை எந்த வரியில அடிப்பீங்க?"

"அதுக்கு வரி வேண்டாம்," என்றார் காதுக்காரர். "உங்க லாரி நேத்து எங்க தெரு முனையைத் தாண்டிப் போறப்பவே கேட்டேன். பின்பக்க இடது சக்கரம் அழுவுது. ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க, பிரிச்சுச் சரி பண்ணித் தர்றேன். இனிமே ஞாயித்துக்கிழமை எனக்கு ஓய்வுதான்."

அவள் சங்கிலியை இறக்கச் சொன்னாள். நாற்பத்தொன்று தரையில் உட்கார்ந்தது.

மறுநாளே இரண்டாம் நம்பரைக் கழற்றி அந்த இடத்தில் நாற்பத்தொன்றை ஏற்றினார்கள். கழற்றியதைப் பெஞ்சில் போட்டுப் பிரித்தபோது, பேரிங்கிலிருந்து குண்டுகள் உடைந்த பல் மாதிரி உதிர்ந்தன. ஒன்றுகூட முழுசாக இல்லை. காதுக்காரர் ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து நாள்னு சொன்னீங்களேண்ணே," என்றான் நெட்டையன்.

"ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது."

"அப்ப உங்க காது..."

"வாயை மூடு." துண்டைப் பெஞ்சில் போட்டுவிட்டுச் சொன்னார், "வயசாகுது. ஆசைப்பட்டதைக் கேட்டிருக்கு."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதின்மூன்று நாள் மழை வராமல் இருந்தால் போதும் என்று லாரிக்குப் பக்கத்தில் நின்று கணக்குப் போட்டது நினைவுக்கு வந்தது.

மழை அதற்கு மறுநாள் மத்தியானம் வந்தது. வந்தது என்பதைவிட அவிழ்த்துக் கொட்டியது என்று சொல்லலாம். அரை மணியில் பம்ப் ஹவுஸ் கூரைச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. பள்ளத்தெருச் சாக்கடை முழுக்கக் கிணற்றை நோக்கி ஓடிவந்தது. செருப்பு, பந்து, யாருடையதோ துவைத்த சட்டை. முதலாவதும் மூன்றாவதும் ஓடின. கிணற்றுச் சுவரில் அடி அடியாக அளவு எழுதியிருக்கும். பதினொன்றில் கருப்புக் கோடு, அதைத் தாண்டினால் தண்ணீர் தெருவுக்குத் திரும்பும். எட்டில் இருந்த தண்ணீர் ஒன்பதுக்கு ஏறியது.

"நாப்பத்தொண்ணைப் போடு," என்றார்.

நெட்டையன் கை சுவிட்சில் தயங்கியது. அந்தப் பம்ப் வாழ்நாளில் பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடியதில்லை. அதுவும் திருட்டுத்தனமாக, ஒரு பீப்பாய் தண்ணீரில். நெற்றியில் சிவப்புக் குறியை இன்னும் அழிக்கவில்லை.

"போடுடா."

மோட்டார் உறுமியது. காதுக்காரர் கம்பியை எடுத்தார், ஆனால் காதில் வைக்கவில்லை. தன் காதை அவர் நம்பவில்லை. கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்து, டார்ச் விளக்கை அடித்துத் தண்ணீரைப் பார்த்தார். ஒன்பதரை. பத்து. பத்துக்கு மேல் நாலு விரல். பின்னால் மூன்று பம்பும் சேர்ந்து தரையை அதிரவைத்தன, அவருடைய தாடை எலும்பு வரைக்கும் அந்த அதிர்வு ஏறியது. ஐந்து விரல். ஐந்து விரல். மறுபடி பார்த்தார், ஐந்து விரல்தான். ஒரு பிளாஸ்டிக் பந்து சுவரோரம் அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பந்து ஒரு விரல் இறங்கியது.

அவர் எழுந்திருக்கவில்லை. குப்புறப் படுத்தபடியே கன்னத்தை ஈரத் தரையில் வைத்துக்கொண்டார். நெட்டையன் பயந்து போய் ஓடிவந்து தோளைப் பிடித்தான்.

"அண்ணே! என்னண்ணே ஆச்சு?"

"ஒண்ணுமில்ல," என்றார். "இறங்குது. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்."

நாலரைக்கு மழை விட்டது. தண்ணீர் ஆறுக்கு இறங்கியபின் நெட்டையனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். தெருவில் சேறு இருந்தது, தண்ணீர் இல்லை. பள்ளத்தெருவில் மழை இருட்டினாலே எல்லாச் சாமானையும் மேலே ஏற்றிவிடுவது வழக்கம். இப்போது வீட்டுக்கு வீடு எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டில்மேலிருந்து பெட்டி, மேசைமேலிருந்து அடுப்பு, அலமாரிமேலிருந்து ஒரு பூனை. வாசல்படிகள் நனைந்திருந்தன, அவ்வளவுதான். யாரும் அவரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் வராத நாளில் பம்ப் ஹவுஸை யார் நினைக்கப் போகிறார்கள்? அவருக்கும் அதுவே வசதியாக இருந்தது.

வீட்டில் மைத்துனன் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மனைவி, பரணில் ஏற்றிய பெரிய தகரப் பெட்டியை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அவன் கையில என்னன்னு கேளுங்க," என்றாள்.

ஆபீஸ் உறை. காதுக்காரர் வாங்காமல் நின்றார்.

"நீயே சொல்லு மாப்ளே. தூக்கிட்டாங்களா?"

"ஒரு வருஷ இன்க்ரிமென்ட் கட். இருப்புப் புத்தகம் இனிமே உங்க கையில கிடையாது, நெட்டையன் எழுதுவான். வேலை இருக்கு மாமா. பென்ஷனும் இருக்கு."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம்தான் உறைக்குக் கையை நீட்டினார்.

"நெட்டையனா? அவனுக்கு ஏழுக்கும் ஒண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதே."

"பொய் எழுதத் தெரியாதில்ல, அது போதும்னு மேடம் சொல்லிட்டாங்க." மைத்துனன் காலைக் கீழே இறக்கினான். "இன்னொண்ணு. அடுத்த மன்றக் கூட்டத்துல ஒரு தீர்மானம் கொண்டு வரப்போறேன். சட்டம் அப்படியே இருக்கும். ஆனா வரவு செலவு பார்க்கிறதுக்கு முன்னாடி மழைக்குன்னு ஒரு பங்கும், நாப்பத்தொண்ணு மாதிரி மாத்துச் சாமானும் தனியா ஒதுக்கணும். வருஷக் கடைசியில அதைத் தொடக்கூடாது, விக்கக்கூடாது. ஊர் ஓட்டுப் போட்டுத்தான் வரணும். எப்படியும் என்னைக் கிழிப்பாங்க, சட்டம் கொண்டுவந்தவனே அதுல ஓட்டை போடுறான்னு."

"நான் ஓட்டுப் போடுவேன்," என்றாள் அக்காள். "ஆனா அதுக்கு ஒரு பூட்டு வேணும்டா. சாவி நீச்சல் குளம் கட்டினவங்க கைக்குப் போகக் கூடாது. மழைன்னு எழுதிக்கிட்டு இன்னொரு குளம் கட்டிடுவாங்க."

"மாமா நீங்க?"

"தீர்மானத்தைப் படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்," என்றார் காதுக்காரர். "உன் கல்வெட்டு என்ன ஆச்சு?"

"வெறுங்கல்லா பஸ் நிலையத்துல படுக்கப் போட்டிருக்காங்க. ஆளுங்க அது மேல உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கிறாங்க."

முதலில் சிரித்தது அவள்தான். பரணில் பாதி இழுத்த பெட்டியைப் பிடித்தபடி, கை தளர்ந்து போகிற அளவுக்குச் சிரித்தாள். அப்புறம் அவர் சிரித்தார். சிரிப்பு அடங்கும்போது கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது, அது எதற்கென்று அவர் யோசிக்கவில்லை.

"சிரிச்சது போதும்," என்றாள். "ஆளுக்கொரு பக்கம் பிடிங்க. பெட்டியை இறக்கணும், எனக்குக் கை வலிக்குது."

மூன்று பேரும் சேர்ந்து பெட்டியை இறக்கி, காய்ந்த தரையில் அது எப்போதும் இருக்கிற இடத்தில் வைத்தார்கள்.